எறும்புக்கு முதலில் பெட்டி வேண்டாம்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வீட்டில் செய்யக்கூடியவை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதில் எறும்பு வளர்ப்பைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. மடல்களோ அதைப் பற்றித்தான் அதிகம் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, எறும்பு வளர்ப்பில் கைப்பழக்கம் உள்ளவர்கள் தந்த பதில்களோடு வெளியிடுகிறோம்.

தொடக்கநிலை 3 படிக்கும் மகனுக்கு எறும்புப் பண்ணை வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். நீல ஜெல் பெட்டி, மணல் நிரப்பும் தட்டைப் பெட்டி, பல அறை உள்ள அக்ரிலிக் கூடு என மூன்று வகை பார்த்தோம். எதை வாங்குவது? – வாசகி, செங்காங்

இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். எறும்பு வளர்ப்பில் காசு வீணாவதே இங்கேதான்: பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு எறும்பைத் தேடுவது. முதலில் ஒரு ராணி, அது இருக்க ஒரு சோதனைக்குழாய். பெட்டிக்கு ஐந்தாறு மாதம் பொறுக்கலாம்.

நீல ஜெல் என்பது 2003இல் நாசா விண்வெளி ஓடத்தில் எறும்புகளை அனுப்பிய சோதனையிலிருந்து பிறந்த சரக்கு. 16 நாள் பயணத்துக்கு அது போதும். அதில் ஈரமும் இனிப்பும் உண்டு. எறும்பு முட்டையிலிருந்து வரும் புழுக்கள் வளரத் தேவையான புரதம் கிடையாது. எறும்பு ஓயாமல் துளை போடுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உண்மையில் அது வேறு போக்கிடம் இல்லாமல் தோண்டுகிறது. கழிவை ஒதுக்க இடமில்லாததால், நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் ஜெல் மீது வெள்ளைப் பூஞ்சை படர அதிக நாளாகாது. ராணியோடு ஒரு குடும்பத்தை வளர்க்க அது உதவாது.

மணல் பெட்டி அமெரிக்காவில் 1956இல் மில்டன் லெவின் விற்கத் தொடங்கிய வகை. அதற்கென்று வரும் எறும்புகள் எல்லாம் வேலைக்கார எறும்புகள், ராணி இருக்காது. புதிதாக ஒன்றும் பிறக்காது. இருப்பவை சில வாரங்களில் ஒவ்வொன்றாகக் குறைந்துபோகும். தோட்டத்து மண்ணைக் கிளறி நாலைந்து எறும்பைப் பிடித்துப் போட்டாலும் இதே கதைதான்.

அக்ரிலிக் கூட்டில் குறை அளவுதான். பத்து எறும்புக்கு இருபது அறை கொடுத்தால் ஓர் அறையில் ஒடுங்கிக்கொண்டு மற்ற அறைகளில் குப்பையையும் தின்ற மிச்சத்தையும் போட்டு வைக்கும். கூட்டைக் கலைக்காமல் அங்கே உங்கள் கையும் இடுக்கியும் எட்டாது. பிறகு பூஞ்சை, சிற்றுண்ணி.

வாங்க வேண்டியவை: உள்ளூரில் எறும்பு விற்பவர்களிடம் ஐந்தாறு வேலைக்கார எறும்புகளோடு ஒரு ராணி, 15 செ.மீ. நீளமும் 16 மி.மீ. விட்டமும் உள்ள சோதனைக்குழாய் மூன்று, மருந்துக்கடைப் பஞ்சு, குழாயை வைக்க மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிவப்புக் கண்ணாடித்தாள், நுனி மெலிந்த இடுக்கி, உருப்பெருக்கி. குடும்பம் இருபத்தைந்து, முப்பதைத் தாண்டிய பிறகு கூடு வாங்குங்கள். அப்போதும் அந்தக் கடையிலேயே சிறியதாக எது என்று கேட்டு வாங்குங்கள்.

நேற்று மழை விட்டதும் தாழ்வார விளக்கைச் சுற்றி இறக்கை உள்ள பூச்சிகள் மொய்த்தன. மாமியார் ஈசல் என்கிறார், மகள் ராணி எறும்பு என்கிறாள். நாலைந்தைக் குழாயில் போட்டு வைத்திருக்கிறோம். யார் சொல்வது சரி? – வாசகி, பொங்கோல்

இரண்டுமே மழைக்குப் பின் விளக்கைத் தேடி வரும். ஈசல் கறையான் வகை, எறும்புக்கு உறவே இல்லை. உருப்பெருக்கியில் மூன்று இடத்தைப் பாருங்கள். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், உடலைவிட நீளமாக இருக்கும், தொட்டாலே உதிரும். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. ஈசலின் உணர்கொம்பு மணி கோத்தாற்போல நேராக இருக்கும். எறும்பினுடையது முழங்கைபோல் மடிந்திருக்கும். ஈசலுக்கு இடுப்பே தெரியாது. எறும்புக்கு இடுப்பு நூலளவு. நாலைந்தும் ஈசலாக இருந்தால் மாமியார் வென்றார். அவற்றைக் குழாயில் வளர்க்க முயல வேண்டாம், மர அலமாரி உள்ள வீட்டில் அது விளையாட்டல்ல.

எறும்பாக இருந்தால் அடுத்த கேள்வி, ஆணா ராணியா என்பது. ஆணுக்குத் தலை சின்னது, உடல் ஒல்லி. கலவிப் பறப்பு முடிந்த சில நாளில் செத்துவிடும். ராணிக்குத் தலை பெரிது, மார்புப் பகுதி திமிலேறியது போலப் பருத்திருக்கும், வயிறும் கனம். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையிலோ சுவரோரத்திலோ தனியாக ஓடிக்கொண்டிருப்பவளே பெரும்பாலும் கருவுற்றவள். இறக்கை இருந்த இடத்தில் சிறு தழும்பு தெரியும். இறக்கையோடு பிடிபட்டவள் கருவுறாமலும் இருக்கலாம். ஒரு மாதம் இருட்டில் வைத்தும் முட்டையில்லை என்றாலோ, வந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே பிறந்தாலோ அவளால் குடும்பம் அமையாது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண்தான் வரும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பூங்காக்களிலிருந்தும் இயற்கை வனப்பகுதிகளிலிருந்தும் ராணியைப் பிடித்து வரக்கூடாது. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் அங்கிருந்து உயிரினம் எதையும் எடுப்பது குற்றம். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

பேரனுக்காகக் காணொளி பார்த்துக் குழாய் தயார் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் முழுக்க இந்தப் பக்கம் வந்து ராணி மூழ்கிக் கிடந்தது. என்ன தப்பு? – ஒரு தாத்தா, ஈசூன்

பஞ்சு தளர்ந்திருக்க வேண்டும், அல்லது பஞ்சுக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக்குமிழி இருந்திருக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. குழாயில் வெயில் பட்டால் அந்தக் குமிழி விரிந்து தண்ணீரைப் பஞ்சின் வழியே தள்ளிவிடும். வீவக அடுக்குமாடி வீடுகளில் சன்னலோர மேசையில் காலை வெயில் அரை மணி நேரம் அடித்தாலே போதும்.

மறுபடி செய்யும்போது இப்படிச் செய்யுங்கள். 15 செ.மீ. குழாயில் 5 செ.மீ. உயரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். சர்க்கரை, தேன் எதுவும் கலக்க வேண்டாம். பஞ்சைக் குழாயின் வாயைவிடச் சற்றுப் பெரிதாக, இறுக்கமாக உருட்டுங்கள். சாப்பாட்டுக் குச்சியால் மெல்ல உள்ளே தள்ளி, பஞ்சின் அடி தண்ணீரைத் தொட்டு, பாதிவரை நனைந்ததும் நிறுத்துங்கள். இந்தப் பக்கம் தெரியும் முகம் ஈரமாக இருக்கலாம், துளி நிற்கக்கூடாது. குழாயைக் கவிழ்த்து ஒரு நிமிடம் பிடியுங்கள். சொட்டினால் அந்தப் பஞ்சை எடுத்துவிட்டு வேறு உருட்டுங்கள். பிறகு இரவு முழுக்கப் படுக்க வைத்துப் பாருங்கள். காலையில் உட்புறம் காய்ந்திருந்தால்தான் ராணியை விட வேண்டும். ராணிக்கு 6 செ.மீ. இடம் போதும். வாய்ப்பக்கத்தை உலர்ந்த பஞ்சால் தளர்வாக மூடுங்கள், காற்று அதன் வழியே போய்வரும். ரப்பர் மூடியோ திருகுமூடியோ போடக்கூடாது.

படுத்த குழாய் உருளும். இரண்டு அழிப்பான்களை அணை கொடுத்து, மேலே சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, ஒரு டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் பேரன் பார்க்கும்போது ராணி மிரளாது.

ராணி வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒன்றுமே சாப்பிடவில்லை. பாவமாக இருக்கிறது என்று பிள்ளைகள் தினமும் திறந்து தேன் வைக்கிறார்கள். முதல் வாரம் ஏழெட்டு முட்டை இருந்தது, இப்போது ஒன்றுகூட இல்லை. – வாசகர், தெம்பனிஸ்

முட்டையை ராணியே தின்றுவிட்டது. காரணம் பசியல்ல, தினமும் திறந்ததுதான்.

கட்டெறும்பு வகை ராணி கருவுற்றதும் மண்ணுக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். முதல் வேலைக்கார எறும்பு வரும்வரை வெளியே வராது, தின்னாது. பறந்த காலம் முடிந்துவிட்டதால் இறக்கைத் தசைகள் உள்ளுக்குள் கரைந்து உணவாகின்றன. சேர்த்து வைத்த கொழுப்பும் உண்டு. அதைக்கொண்டே முதல் புழுக்களுக்கு ஊட்டும். இந்த நேரத்தில் குழாய் அசைந்தால், வெளிச்சம் பட்டால், மூச்சுக்காற்று அடித்தால் ஆபத்து என்று எண்ணி முட்டையைத் தின்று சக்தியை மீட்டுக்கொள்ளும். தேன் வைத்தது இன்னொரு கெடுதல்: குழாய்க்குள் பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கும், ராணியின் காலே அதில் ஒட்டிக்கொள்ளும்.

தேன் படிந்த குழாயில் இனி வைக்க வேண்டாம். புதிய குழாயை வாயோடு வாயாகப் பொருத்தி ஒட்டுநாடா சுற்றுங்கள். பழைய குழாயின் மேல் விளக்கு வெளிச்சம் படட்டும், புதியதை இருட்டாக்குங்கள். ஓரிரு நாளில் ராணி தானாகவே போய்விடும். தட்டி விரட்டக்கூடாது. அதன்பின் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு நிமிடம் பார்ப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளும் எதிர்பார்த்திருப்பார்கள். பார்த்ததை நோட்டில் வரையச் சொல்லுங்கள்: முட்டை எத்தனை, புழு எத்தனை, கூட்டுப்புழு எத்தனை. நம் ஊர் வெப்பத்தில் முட்டை முதல் வேலைக்கார எறும்பு ஆக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். முதலில் வருபவை மிகச் சிறியதாக இருக்கும், அது நோயல்ல. அவை நடமாடத் தொடங்கியதும் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாம்.

ஐரோப்பியக் காணொளிகளைப் பார்த்துச் சிலர் சூடேற்றும் கம்பி வாங்குகிறார்கள், சிலர் குளிர்காலத் தூக்கம் வேண்டும் என்று குழாயைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார்கள். இங்குள்ள எறும்புகளுக்கு இரண்டும் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாத எறும்பு எது? கீழே மாமரத்தில் இருக்கும் சிவப்பு எறும்பை வளர்க்கலாமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுவது முசுறு. புழு விடும் பட்டிழையை ஒட்டுப்பசைபோல வைத்து இலைகளைத் தைக்கும். வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல எறும்பு இல்லை. ஆனால் மரத்தில் பாருங்கள், வீட்டில் வேண்டாம். எதிலும் ஏறும், கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும், சின்ன இடைவெளி கிடைத்தாலும் மொத்தக் குடும்பமும் வெளியே வந்துவிடும்.

கொடுக்கு உள்ள நெருப்பெறும்பும் வேண்டாம். ஒன்று கொட்டினால் அதே இடத்தில் பலமுறை கொட்டும், மறுநாள் சீழ்க்கொப்புளம் எழும். அடுக்களையில் திரியும் பொடி எறும்புகளும் வேண்டாம். கூட்டுக்குள் அவற்றை நிறுத்தி வைக்க எந்தத் தடுப்பாலும் ஆகாது.

தொடங்குபவர்களுக்குக் கட்டெறும்பு, அதாவது காம்போனோட்டஸ் வகை. உருவம் பெரிது, மெதுவாகப் பெருகும், கொடுக்கு இல்லை. கடிக்கும், ஃபார்மிக் அமிலமும் பீய்ச்சும், ஆனால் சோப்புப் போட்டுக் கழுவினால் எரிச்சல் அடங்கிவிடும். கண்ணருகே கொண்டுபோக விடாதீர்கள். அந்த அமிலத்தால் எறும்புக்கே ஆபத்தும் உண்டு: மூடிய குழாயைக் குலுக்கினால் மிரண்டு பீய்ச்சிய அமிலத்தின் ஆவியிலேயே அவை செத்துவிடும். கடை வாசலிலிருந்து வீடு வருவதற்குள் எறும்பு இறந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

எந்த எறும்பு கடித்தாலும் முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், உடலெங்கும் தடிப்பு வந்தால் காத்திருக்காமல் 995 அவசர எண்ணை அழையுங்கள்.

நாங்கள் சைவம். வீட்டில் புழு பூச்சியெல்லாம் வைக்க முடியாது. சர்க்கரை, பழம், சோறு போட்டு எறும்பு வளர்க்க முடியுமா? – வாசகி, ஜூரோங் வெஸ்ட்

உயிரோடு வைத்திருக்க முடியும், வளர்க்க முடியாது. வளர்ந்த எறும்புக்குத் தேவை இனிப்பு. அது திடப்பொருளை விழுங்காது, சாற்றைத்தான் உறிஞ்சும். எறும்பின் புழுவுக்குத் தேவை புரதம். புரதம் இல்லாவிட்டால் புழு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், ராணி முட்டையைக் குறைக்கும். சோற்றை இழுத்துக்கொண்டு போகும், அது மூலையில் புளித்துக் கிடக்கும்.

முட்டை உங்களுக்குச் சம்மதமானால் வழி இருக்கிறது. பட்கர், விட்கோம் என்ற ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட எறும்பு உணவு இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. தண்ணீர் 500 மி.லி., அகார் அகார் தூள் 5 கிராம், கோழிமுட்டை 1, தேன் 62 மி.லி., வைட்டமின்–தாதுச்சத்து மாத்திரைப் பொடி சுமார் 1 கிராம். பாதித் தண்ணீரைக் கொதிக்க வைத்து அகாரைக் கரையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். மீதித் தண்ணீரில் முட்டை, தேன், பொடி மூன்றையும் கட்டியில்லாமல் அடியுங்கள். அகார் கரைசலை அதில் விட்டுக் கிளறி, தட்டில் அரை செ.மீ. உயரத்துக்கு ஊற்றி உறைய விடுங்கள். அகார் கொதிக்கும்போதே கலந்தால் முட்டை திரிந்துவிடும். சின்னக் குடும்பத்துக்கு இது மிக அதிகம். கால்பங்கு அளவில் செய்து, பனிக்கட்டித் தட்டில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு வேளைக்குக் கடுகளவு போதும்.

பூச்சி கொடுப்பதில் தடையில்லாதவர்களுக்கு: பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் மாவுப்புழு நல்லது. அதை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, குறுக்காக வெட்டி, வெட்டுப்பக்கம் தெரிய வையுங்கள். உயிரோடு போட்டால் அது எறும்பைக் கடிக்கும். வாரம் இரண்டு முறை போதும். வீட்டில் அகப்பட்ட கரப்பான், கொசு, ஈ எதையும் கொடுக்கக்கூடாது. எங்கே மருந்து பட்டு வந்ததோ தெரியாது. சர்க்கரைத் தண்ணீர் ஒரு கரண்டிச் சர்க்கரைக்கு மூன்று கரண்டித் தண்ணீர். பஞ்சில் நனைத்து வையுங்கள், துளியாக விட்டால் சிறிய எறும்பு மூழ்கும். எந்த உணவானாலும் மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். காணொளியில் மூன்று நாள் என்று சொல்வது காய்ந்த ஊர்க்காரர்களுக்கு.

கூட்டின் கண்ணாடி முழுக்க வியர்த்துப் பூஞ்சை பிடிக்கிறது. அதோடு எறும்புகள் இரவில் வெளியே வந்துவிடுகின்றன. விளிம்பில் பூசும் ஃபுளூவான் திரவம் வாங்கிப் பூசியும் பயனில்லை. – வாசகர், புக்கிட் பாத்தோக்

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான், ஈரப்பதம். சிங்கப்பூரில் அது சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டும். ஃபுளூவான் உலர்ந்த காற்றில் வழுக்கும். ஈரக்காற்றில் பிடிப்பு வந்துவிடும்.

மாற்று: டால்கம் பவுடர் ஒரு பங்கு, மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மூன்று பங்கு. கலக்கி, பெட்டியின் உட்பக்க மேல்விளிம்பில் 3 செ.மீ. அகலத்துக்குத் தூரிகையால் பூசி உலர விடுங்கள். ஆல்கஹால் பறந்து மெல்லிய பொடிப்படலம் நிற்கும். அதில் ஏறும் எறும்பு பொடியோடு சேர்ந்து உதிரும். எறும்பை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, சன்னலைத் திறந்து, அடுப்பு எரியாத நேரத்தில், பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. விரல் பட்டாலே படலம் கலைந்துவிடும். பிள்ளைகள் அடிக்கடி கைவைக்கும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச வேண்டிவரும். காற்றுத்துளைகளில் 0.3 மி.மீ. துருப்பிடிக்காத கம்பிவலை ஒட்டுங்கள். துணிவலையைக் கட்டெறும்பு கடித்துக் கிழிக்கும்.

வியர்ப்பதற்குக் காரணம், கூடு இரவில் குளிர்சாதனக் காற்றிலும் பகலில் புழுக்கத்திலும் மாறி மாறி இருப்பது. சூடு ஏறி இறங்காத அறைக்கு மாற்றுங்கள். கூட்டின் எல்லா அறைகளையும் நனைக்க வேண்டாம். ஒரு கோடியில் மட்டும் ஈரம், மறுகோடி உலர்வு. தேவையான இடத்தை எறும்பே பார்த்துக்கொள்ளும். கூட்டுப்புழுக்களை உலர்ந்த பக்கமும் முட்டைகளை ஈரப்பக்கமும் அவை தூக்கி வைப்பதைக் காணலாம். எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவித்தால் மற்ற பகுதி பிடிக்கவில்லை என்று பொருள்.

இதே வாசகர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: முந்தைய குடும்பம் ஒரே இரவில் செத்துக் கிடந்ததாம், பெட்டி முழுக்கத் தலை கறுத்து வயிறு வெளுத்த பொடி எறும்புகளாம். அவை பேய் எறும்புகள், இனிப்பு வாசம் பிடித்து வெளியிலிருந்து வந்தவை. சின்னக் குடும்பத்தால் அவற்றை எதிர்க்க முடியாது. பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே, ஒரு கிண்ணத்தின் மேல் தூக்கி வைப்பது பழைய வழி. இங்கே அதில் ஒரு வில்லங்கம்: தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு, தேசிய சுற்றுப்புற அமைப்பின் அபராதமும் வரும். ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள். அது முடியாதவர்கள் தண்ணீரை விட்டுவிட்டு, மேசைக்கால்களில் வாஸ்லினை விரற்கடை அகலத்துக்குப் பூசலாம். மேசை சுவரைத் தொடக்கூடாது, திரைச்சீலையும் தொங்கக்கூடாது. பூச்சிமருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள். கொசுவிரட்டி மின்திரவமும் கொசுவர்த்தியும் எரியும் அறையில் எறும்பு பிழைக்காது. பிள்ளையின் கையில் பூசிய கொசுத் தைலமும் அப்படித்தான்.

பேத்திக்கு ஆறு வயது. இரண்டு மாதத்தில் சலித்துவிட்டது. – ஒரு பாட்டி, தோ பாயோ

சோதனை செய்யக் கொடுங்கள். பெட்டிக்கும் உணவுத்தட்டுக்கும் நடுவே விரல் அகலக் காகிதத்தைப் பாலமாக வையுங்கள். ஒரு மணி நேரத்தில் எறும்புகள் வரிசை பிடித்ததும் காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுக்காகிதம் போடச் சொல்லுங்கள். விளிம்பில் வந்து தயங்கி, உணர்கொம்பால் தட்டித் தட்டித் திரும்பும். பழையதைத் திரும்பப் போட்டால் விறுவிறுவென்று நடக்கும். தடத்தில் விட்ட வாசம் போனதும் வந்ததும் கண்முன் தெரியும்.

இன்னொன்று: சர்க்கரைத் தண்ணீரில் ஒரு சொட்டு நீல உணவுச்சாயம். வயிறு முட்டக் குடித்த எறும்பின் வயிற்றுத்தகடுகள் விலகி, நடுவிலுள்ள மெல்லிய தோலில் நீலம் தெரியும். அது கூட்டுக்குத் திரும்பி இன்னோர் எறும்போடு வாய்க்கு வாய் வைத்துத் துளியைக் கொடுக்கும். உருப்பெருக்கியில் அந்தத் துளியே தெரியும். மறுநாள் குடும்பத்தில் எத்தனை பேர் வயிறு நீலம் என்று எண்ணச் சொல்லுங்கள். உணவுக்குப் போனது நாலைந்து பேர்தான் என்பதையும் சொல்லுங்கள்.

இணையத்தில் பெரிய ஆப்பிரிக்க எறும்பு விற்கிறார்கள். அஞ்சலில் வரவழைக்கலாமா? – மாணவர், ஆங் மோ கியோ

கூடாது. உயிருள்ள பூச்சியை அனுமதியின்றிச் சிங்கப்பூருக்குள் கொண்டுவருவது குற்றம். ஏறத்தாழ 5,000 எறும்புகளைக் கடத்த முயன்ற இரண்டு பெல்ஜிய இளையர்களுக்குக் கென்ய நீதிமன்றம் 2025 மே மாதம் தலா பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், தவறினால் 12 மாதச் சிறை என்று தீர்ப்பளித்தது. அவர்கள் வைத்திருந்ததும் பஞ்சு அடைத்த குழாய்கள்தான்.

டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். எறும்பை என்ன செய்வது? – வாசகி, பாசிர் ரிஸ்

நாயை விடுவதுபோல் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சர்க்கரைத் தண்ணீர் வேண்டியமட்டும் கொடுங்கள். வயிற்றில் சேர்த்துக்கொண்டு பகிர்ந்து குடிக்கும். கிளம்பும் அன்று உணவு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், புரதத்தை ஒரு துணுக்கும் விடாதீர்கள். குழாயில் ஊற்றிய தண்ணீரில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கட்டும். இல்லையென்றால் புதுக்குழாய் ஒன்றைப் பக்கத்தில் இணையுங்கள். உணவில்லாமல் மூன்று வாரம் தாங்கும், தண்ணீர் இல்லாமல் சில நாள்கூடத் தாங்காது. திரும்பி வரும்போது புழுக்கள் சில குறைந்திருக்கலாம். சன்னல் மூடிய வீட்டில் மேற்கு வெயில் படும் அறையைத் தவிர்த்து, தரையோரம் வையுங்கள். தண்ணீர்த் தட்டை வெறுமையாக்கிவிட்டுப் போங்கள், மூன்று வாரத்தில் அங்கே கொசுதான் வளரும். அதற்குப் பதில் வாஸ்லின்.

இரண்டு ராணி வாங்கி ஒரே பெட்டியில் விடலாமா? – வாசகர், சுவா சூ காங்

வேண்டாம். ஒன்றையொன்று கொல்லும். இரண்டு குடும்பத்தின் வேலைக்கார எறும்புகளைச் சேர்த்தாலும் அதேதான்.

மகன் உயர்நிலைக்குப் போய்விட்டான், இனிப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கீழே புல்வெளியில் விட்டுவிடலாமா? – வாசகி, செம்பவாங்

வெளிநாட்டு இனமாக இருந்தால் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. உள்ளூர் இனமானாலும் அந்தப் புல்வெளியில் ஏற்கெனவே குடியிருக்கும் எறும்புகள் அன்றே முடித்துவிடும். வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், அல்லது எறும்பு வளர்க்கும் வேறு பிள்ளைக்குக் கொடுங்கள். கட்டெறும்பு ராணி பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது, வாங்குபவரிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ராணி இறந்துபோன குடும்பமாக இருந்தால், மீதி எறும்புகளுக்கு வழக்கம்போல் உணவு வைத்து வாருங்கள். சில மாதத்தில் தானாக முடிந்துவிடும். புது ராணியை உள்ளே விட்டால் ஏற்காது. வேறு வழியே இல்லையென்றால் குழாயை நன்றாக மூடி, ஒரு பையில் கட்டி, உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். பிறகு குழாயையும் கூட்டையும் சோப்பில்லாமல் கழுவிக் காய வைத்தால் அடுத்தவருக்கு ஆகும். குழாய்க்கு வெந்நீர், அக்ரிலிக்குக்கு வெதுவெதுப்பு போதும், இல்லையேல் வளைந்துவிடும். பஞ்சை மட்டும் தூக்கிப் போடுங்கள்.